துட்டி கேட்காத பஜார்

சிவனணைந்தபெருமாள் சார்வாள் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. மீதிப் பாதியை அவர் சம்சாரம் கல்யாணசுந்தரி பார்த்துக்கொள்வாள். காப்பியை ஒழித்தபோது அதற்குப் பெயர் ‘பானத் தூய்மை இயக்கம்’. அவர் காப்பியை விட்டார். அவள் விடியுமுன் எழுந்து கொத்தமல்லி வறுத்து, சுக்குத் தட்டி, கருப்பட்டி காய்ச்சினாள். தென்காசி ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்துகிற மனுஷர். அசோகர் சாலையோரம் மரம் நட்டதைச் சொல்லும்போது, குழி வெட்டியது தாம்தான் என்பதுபோல் அவருக்கு மேல்மூச்சு வாங்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய சமயம் அவர் ஆரம்பித்ததற்குப் பெயர் ‘உள்ளூர்ப் பண்ட ஆதரவுப் பேரியக்கம்’. சுருக்கமாகச் சொன்னால், கண்ணாடிக்கடையில் இனி ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது.

கண்ணாடிக்கடை என்பது ஊர் வைத்த பெயர். போர்டில் சூப்பர் மார்க்கெட் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. மதுரைக்காரர் ஒருவர் சீசன் கூட்டத்தை நம்பி ஸ்டேஷன் ரோட்டில் திறந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் அரிசி, பருப்பு, சோப்பு, பல்பொடி, பிஸ்கட் டின், விளக்குமாறு எல்லாம் வரிசையாய் அடுக்கியிருக்கும். வேண்டியதை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டியது. கடைக்காரன் உட்கார்ந்திருக்க, வாங்க வந்தவன் எடுத்துப் போடுகிற அதிசயத்தைப் பார்க்க சுரண்டையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

சார்வாளும் போனார். வாசலில் நின்ற மதுரை ஆள் அவர் பையையும் குடையையும் வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். திரும்பி வரும்போது ஜிப்பாப் பையில் புடைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டான். புடைத்துக்கொண்டிருந்தது மூக்குக் கண்ணாடிக் கூடு. அங்கேயே, அந்தப் படியிலேயே, தேசத்தின் பொருளாதாரம் அந்நியர் கையில் சிக்கிச் சீரழிவது அவருக்குத் தெளிவாகப் புலப்பட்டுவிட்டது.

“இனி இந்த இல்லத்தில் கண்ணாடிக்கடைப் பண்டம் ஒன்றும் நுழையக் கூடாது, சுந்தரி” என்றார். வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவார்.

“சரி.”

“ஏன் என்று கேட்கமாட்டாயா?”

“ஏன்?”

அவர் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு, “அப்பம் சாமானெல்லாம் எங்கன வாங்குதது?” என்று கேட்டாள்.

“பஜாரில்! துல்கர்னைன் கடை இல்லையா? காய்கறிக்கு மாடத்தி இல்லையா? நம் மக்கள், நம் மண், நம்—”

“நீங்க போயி வாங்கிட்டு வாரியளா?”

“எனக்கு இயக்க வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.”

“இஞ்சேருங்க. பஜாருக்கு மட்டும் என்னையப் போகச் சொல்லாதிய. மத்தது என்னன்னாலும் செய்யுதேன்.”

அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைவர் யார், செயலாளர் யார் என்று யோசிக்கப் போய்விட்டார்.

அந்தக் கண்ணாடிக்கடையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. திறந்த நாளிலிருந்து தினமும் போய்க்கொண்டிருந்தாள். தீப்பெட்டி வாங்க ஒருநாள், ஊதுபத்தி வாங்க ஒருநாள். வரிசைகளுக்கு நடுவே நடப்பாள். டின்களைப் பார்ப்பாள். யாரும் வா என்று சொல்லமாட்டார்கள், எப்படி இருக்க என்று கேட்கமாட்டார்கள். பணம் வாங்குகிற பெண் நிமிர்ந்து பார்க்காமல் ‘தாங்க்யூ மேடம்’ என்பாள். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

பங்குனியில் அவள் மகள் செத்துப்போனாள். உலகம்மாள், ஒரே பிள்ளை, எட்டாங் கிளாஸ். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தும் போய்விட்டது. சார்வாளின் பூர்வீகம் சிவகிரி என்பதால் அங்கேயே கொண்டுபோய்க் காரியத்தை முடித்து, பதினாறும் கழித்துவிட்டுத்தான் தென்காசிக்குத் திரும்பினார்கள்.

இந்தப் பக்கத்தில் இழவு விசாரிப்பதற்குத் துட்டி கேட்பது என்று பெயர். ஆம்பளைகள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள். பறிகொடுத்தவன் அதைத் தொட வேண்டும். பொம்பளைகள் உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுவார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. துட்டி கேட்காதவன், கேட்டு முடிக்கிறவரை, அந்த வீட்டாரோடு வேறு பேச்சுப் பேசக் கூடாது. மழை பெய்ததா என்றுகூடக் கேட்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், அப்புறம் பழையபடி எல்லாம் பேசலாம்.

சிவகிரியிலிருந்து வந்த அன்றே சார்வாள் வாசலில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டார். ‘துட்டி விசாரணை என்னும் மூடப் பழக்கத்தை இவ்வில்லம் ஏற்பதில்லை.’ ஊர் வந்தது, வாசித்தது, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டியது, திரும்பிப் போயிற்று. சிலேட்டு காற்றில் விழுந்து உடைந்த பிறகும் யாரும் வரவில்லை. சார்வாள் பேச்சுக்கு ஊரில் அவ்வளவு மரியாதை. அல்லது அவர் எதிர்ப்பேச்சு எவ்வளவு நேரம் நீளும் என்கிற பயம்.

கல்யாணசுந்தரி அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, நம்முடையதுதான், ஆனால் யாருடையதோ என்பதுபோல, அப்படி இருந்தது அவளுக்கு உடம்பு முழுக்க. சிவகிரியில் எல்லாரும் அழுதபோது அவள் கொடியில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. பஜாருக்குப் போனால் கேட்பார்கள். கேட்டால் அழ வேண்டும். வராது. பெற்றவளுக்குக் கண்ணில் தண்ணீர் இல்லை என்பதை நாலு பேர் பார்ப்பார்கள். இது ஒன்றுக்குத்தான் பயந்தாள். மற்ற எதற்கும் பயப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே பஜாருக்குப் போகாமலே வீட்டை ஓட்டினாள். முருங்கை மரத்தில் கீரை இருந்தது. மோர் மிளகாய் இருந்தது, சுண்டவற்றல் இருந்தது. புளி தீர்ந்ததும் எலுமிச்சங்காய். துவரம்பருப்பு தீர்ந்ததும் பருப்பில்லாத குழம்பு. “எளிய உணவே ஏற்றம் தரும்” என்று சார்வாள் அதையும் இயக்கத்தில் சேர்த்துக்கொண்டார்.

பல்பொடிக்கு உமியைக் கரித்து, உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்து, துணியில் சலித்தாள். இயக்கத்தார் எல்லாருக்கும் பொட்டணம் போயிற்று. ஒருவாரத்துக்கு ஊரில் பெரிய மனுஷர்கள் வாயைத் திறந்தால் அடுப்பங்கரை மாதிரி இருந்தது. அப்புறம் சோப்பு. பத்திரிகையில் வந்த செய்முறை. காஸ்டிக் சோடாவைக் கரைத்து, தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். அவள் கிண்டினாள். சார்வாள் பத்திரிகையை வைத்துக்கொண்டு “ஒரே பக்கமாக, ஒரே பக்கமாக” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாரல் ஈரத்தில் சோப்பு இறுகவே இல்லை. களிம்பு மாதிரி இருந்ததைத் தகர டப்பாவில் வழித்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய், வியாபாரிகள் சங்கத் தலைவர் இசக்கியப்பன் முதுகில் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். ‘பொதிகைச் சோப்பு’ என்று பெயர்.

“நல்லா நுரைக்கு” என்று அருவியைப் பார்த்துச் சொன்னார் இசக்கியப்பன், சொறிந்துகொண்டே.

சோடாத் தண்ணீர் தெறித்துச் சுந்தரியின் புறங்கையில் தோல் உரிந்திருந்தது. எரிந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

உப்பு தீர்ந்த அன்றைக்குத்தான் வேறு வழியில்லாமல் போயிற்று. கூடையை எடுத்துக்கொண்டு, கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசல் காற்றில் சேலை பறக்க, பஜாருக்குள் நுழைந்தாள்.

பஜார் அவளைப் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் வாயை மூடிக்கொண்டது. கூவிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். துல்கர்னைன் கடையில் அவள், “உப்பு. புளி. துவரம்பருப்பு” என்றாள். அவர் தலையைக் குனிந்தபடி நிறுத்தார், கட்டினார், பலகையில் வைத்தார். எந்நேரமும் வாய் ஓயாத மனுஷர். மிளகாய் விலையையும் மருமகன் குணத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். அன்றைக்கு விலைகூடச் சொல்லவில்லை. அவள் நோட்டை வைத்தாள். மீதி சில்லறையை அவள் கையில் தராமல் பலகையில் வைத்து நகர்த்தினார்.

கேட்பார்கள் என்று பயந்து வந்தவள் அப்படியே நின்றாள். ஒருவரும் கேட்கவில்லை.

மாடத்தி சாக்கு விரித்துக் கத்திரிக்காயைக் கூறு கூறாய் வைத்திருந்தாள். சுந்தரி முன்னால் போய் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்திரிக்காயை அடுக்க ஆரம்பித்தாள்.

“கத்திரிக்கா கூறு எம்புட்டு?”

மாடத்தி இன்னொரு காயை எடுத்து அடுக்கினாள்.

“ஏளா மாடத்தி. ஒன்னயத்தான்.”

மாடத்தி ஒரு கத்திரிக்காயைக் கையில் எடுத்து அதனிடம் பேசினாள். “ஏ கத்திரிக்கா, வாத்தியாரம்மா வந்து நிக்காவ. நான் என்ன செய்ய? பேசப்பிடாதுல்லா நான்.”

“ஏன் பேசப்பிடாது?”

“கேளு கத்திரிக்கா, ஏன் பேசப்பிடாதுன்னு கேக்காவ. துட்டி கேக்காம மூஞ்சியப் பாத்து எப்படிப் பேசுதது? சரி, கேட்டுருவோம்னா, சார்வாள் கேக்கப்பிடாதுன்னு எழுதிப் போட்டுட்டாவ. நான் வாசல்வரைக்கும் வந்தேன். படிக்கத் தெரியாத சிறுக்கி, உள்ள போயிருப்பேன். அந்தச் சவத்துப்பய ஒருத்தன் படிச்சுக் காட்டிப்புட்டான்.”

“நீ வந்தியா?”

“வந்தேனான்னு கேக்காவ. புதுச் சேலையா இருக்கேன்னு பழசை மாத்திக் கெட்டிக்கிட்டு வந்தேன்.” மாடத்தி கத்திரிக்காயைக் கீழே வைத்து இன்னொன்றை எடுத்தாள். “இப்பம் பாரு, இவுக பிஞ்சா முத்தலான்னு கேப்பாவ. நான் பிஞ்சுன்னு சொல்லணும். அவுக சிரிக்கணும், நான் சிரிக்கணும். அது நல்லாருக்குமா? அதுக்கு என் வாயி அவிஞ்சு போட்டும்.”

ஒரு கூறை அள்ளிச் சுந்தரியின் கூடையில் போட்டாள். முகத்தை மட்டும் திருப்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் இரண்டு கடைகளையும் நினைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கடையில் ஒருத்தரும் பேசவில்லை, ஏனென்றால் அவளை ஒருத்தருக்கும் தெரியாது. பஜாரிலும் ஒருத்தரும் பேசவில்லை. அவளைத் தெரியாதவர் ஒருத்தர் இல்லை. இந்த இரண்டில் எது தேவலை என்று யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துபோயிற்று. சார்வாள் அதைப் பாராட்டினார்.

ஆடியில் வியாபாரிகள் சங்கம் சார்வாளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. கண்ணாடிக்கடை வியாபாரம் இயக்கத்தால் படுத்துவிட்டது என்று இசக்கியப்பன் சொன்னார். சீசனுக்கு வந்தவர்கள் இன்னும் அங்கேதான் வாங்கினார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. கூட்டம் கோயில் வாசலுக்குப் பக்கத்தில், மத்தியானம் சாரல் விட்ட நேரம். நாலு பெஞ்சைச் சேர்த்து மேடை. மைக் செட். பொம்பளைகளுக்கு என்று ஓரத்தில் ஒரு ஜமுக்காளம். அதில் சுந்தரியும் மாடத்தியும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள். மாடத்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்வாள் அசோகரிலிருந்து ஆரம்பித்தார். சுங்கம், சேரர் மிளகு, யவனர் கப்பல் எல்லாம் தாண்டித் தென்காசிப் பஜாருக்கு வந்து சேர்ந்தபோது மழை மறுபடி தூறத் தொடங்கியது. “தன்னிறைவு என்பது யாது? அண்டை மனிதனின் முகத்தைப் பார்த்துப் பண்டத்தைப் பெறுவது! முகம், முகம், அதுவே வணிகம்!” என்றார். கைதட்டினார்கள்.

இசக்கியப்பன் மாலையோடு எழுந்தார். ரோஜா மாலை, ஆள் உயரம். கிட்டத்தில் போனவர் மாலையைத் தூக்கவில்லை. அப்படியே நின்றார்.

“சார்வாள், ஒரு வார்த்தை” என்றார். மைக் அதை வாங்கி ஊருக்குச் சொல்லிற்று. “கழுத்துல மாலையப் போட்டுட்டம்னா நாளைக்கி நான் துட்டி கேக்க முடியாது. கேக்காம இந்த மாலையப் போடவும் எங் கை வரமாட்டேங்கு.”

“இசக்கியப்பன், இது அதற்கான இடமல்ல.”

“இடம் நீங்க விடலியே சார்வாள். வீட்டுக்கு வந்தோம், எழுதிப் போட்டிய. பள்ளிக்கூடத்துக்கு வந்தேன், கிளாஸ் எடுக்கேன்னிய. அருவிக்கரையில வச்சுக் கேப்பம்னு பாத்தேன், முதுகுல சோப்பத் தேச்சுட்டிய. நான் எங்கன போயிக் கேக்க?”

மாலையைப் பெஞ்சில் வைத்தார். இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

சார்வாள் அந்தக் கைகளைப் பார்த்தார். ஏதோ ஒரு இயக்கத்தின் பெயர் தேடுகிற மாதிரி வாய் அசைந்தது. அப்புறம் தொட்டார். தொட்டதும் இடுப்பு ஒடிந்தவர் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“போயிட்டாளே அண்ணாச்சி” என்றார். மேடைத் தமிழ் எங்கேயோ விழுந்துவிட்டது. “எம்பிள்ள போயிட்டாளே.”

வரிசை தானாக உண்டாயிற்று. மேடைக்குக் கீழே இருந்தவர்கள், கடையில் இருந்தவர்கள், கல்லாவை விட்டு எழுந்து வந்தவர்கள். ஒவ்வொருத்தராய்க் கையை நீட்டினார்கள். துல்கர்னைன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, “கைப்பிள்ளையில மூடை நிறுக்குத தராசுல வச்சு நிறுத்தேன் சார்வாள். சிரிச்சுச்சு. எடை நிக்கவே இல்ல” என்றார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. சார்வாள் விசும்பியதை மொட்டைக் கோபுரம் திருப்பிச் சொன்னது. பாராட்டு மாலை பெஞ்சில் நனைந்துகொண்டு கிடந்தது. கடைசியில் யாரோ அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

சுந்தரி பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யார் வீட்டு இழவோ என்பது மாதிரி இருந்தது. ‘பாவம், இந்த மனுஷர்’ என்று நினைத்தாள். அவள் கண்ணில் ஒன்றும் இல்லை. ஜமுக்காளத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சார்வாள் படுத்துத் தூங்கினார். மறுநாள் எழுந்து, “ஏளா, மனசு லேசாயிட்டு” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காப்பி இருக்கா என்று கேட்டார். கை கழுவிக்கொண்டே, “பிளேடு தீந்துபோச்சு. பஜார்ல உள்ளது கன்னத்த அறுக்கு. அந்தக் கண்ணாடிக்கடையிலயே ஒண்ணு வாங்கிட்டு வந்துரு. வேற ஒண்ணும் வேண்டாம், பிளேடு மட்டும்” என்றார். பேரியக்கம் இவ்வாறு நிறைவுற்றது.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். ஸ்டேஷன் ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு பஜார்ப் பக்கம் நடந்தாள்.

பஜார் அவளைக் கண்டதும் வாயைத் திறந்தது. “வாங்க தங்கச்சி, வாங்க!” என்று துல்கர்னைன் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். “எம்புட்டு நாளாச்சு! மிளகா விலையப் பாத்தியளா? ராத்திரியில ஏறுது. எம் மருமவன் மாதிரி, சொல்லாமக் கொள்ளாம.” பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். எண்ணெய்க்காரர் வெயில் வருமா என்று கேட்டார். பழக்கடையில் நேந்திரம்பழம் செங்கோட்டையிலிருந்து நேற்று வந்ததாகச் சொன்னார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ஒன்றைத் தவிர. அது நேற்றோடு முடிந்துவிட்டது. இனி இந்த ஊரில் உலகம்மாள் பேச்சை யாரும் எடுக்க வேண்டியதில்லை.

“வா தாயி!” மாடத்தி நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “வெண்டைக்கா தாரேன். ஒடிச்சுப் பாரு, பிஞ்சு. இன்னா பாரு.”

சுந்தரி வெண்டைக்காயைப் பார்க்கவில்லை.

“என்னா அப்படி நிக்கிய? விலை சொல்லட்டா?”

“எங்கிட்ட நீ கேக்கலியே.”

“என்னத்த?”

“துட்டி.”

மாடத்தியின் சிரிப்பு நின்றது. “நேத்துத்தான் சார்வாள்ட்ட எல்லாரும் கேட்டாச்சுல்லா. நானும் கடைசியில போயிக் கும்புட்டேனே. வீட்டுக்கு ஒருக்கதான தாயி.”

“அவுக அவுகளுக்கு அழுதாவ.” சுந்தரி கூடையைக் கீழே வைத்தாள். “நான் அழமாட்டேன், மாடத்தி. எனக்கு வரல. வந்தா வரட்டும், வராட்டாப் போட்டும். நீ எங்கிட்டக் கேளு.”

மாடத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். கத்திரிக்காய்க் கூறுகளைக் கையால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்; உருண்டு ஓடினதை எடுக்கவில்லை. நனைந்த சாக்கில் இடம் உண்டாயிற்று. சுந்தரி உட்கார்ந்தாள். ஈரம் சேலையில் ஏறியது.

“ஏ கத்திரிக்கா எம்புட்டு?” என்று ஒருத்தர் குடையோடு வந்து நின்றார்.

“கடை இல்ல இப்பம். போங்க அண்ணாச்சி” என்றாள் மாடத்தி, அவரைப் பார்க்காமலே. சுந்தரியின் இரண்டு கையையும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தோல் உரிந்த இடத்தைப் பெருவிரலால் தடவினாள்.

“சொல்லு தாயி. பிள்ளைக்கு என்ன செஞ்சுது?”

சாரல் காய்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“மொதல்ல சும்மா காய்ச்சல்னுதான் நெனச்சோம்” என்று தொடங்கினாள் சுந்தரி.